வலிப்பை நிறுத்தியது சாவிக்கொத்து அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில், பேருந்து நிலையத்தில் வலிப்பு வந்து விழுந்த இளைஞரைச் சக பயணிகள் காப்பாற்றிய செய்தி வந்திருந்தது. உதவிக்கு ஓடிவந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மனசு நல்ல மனசு. ஆனால் உங்கள் நிருபர் எழுதிய ஒரு வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை: "ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றது."

மூளையின் நரம்புச் செல்கள் கூட்டமாக, கட்டுப்பாடில்லாமல் மின்துடிப்பை வெளியிடும்போது வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் மூளையே அதை அடக்கிவிடும். யாரோ ஒருவர் சாவியைத் தேடி எடுத்து, மடங்கிக் கிடக்கும் விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த ஓரிரு நிமிடம் முடிந்துவிடும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. வாரம் தவறாமல் மருத்துவப் பக்கம் போடுகிற பத்திரிகை உங்களுடையது. அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

என் மகளுக்கு ஏழாம் வகுப்பில், காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றிருந்தபோது முதல் வலிப்பு வந்தது. சாவி கொடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்வாளே என்று சத்துணவுக் கூடத்திலிருந்து கரண்டியைக் கொண்டுவந்து பற்களுக்கு நடுவே செருகினார்கள். முன்பல் பாதியில் உடைந்தது. நான்கு பேர் கைகால்களை அழுத்திப் பிடித்ததில் தோள்பட்டை வீங்கிப் போயிற்று. வலிப்பால் அன்று அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. பட்ட காயமெல்லாம் உதவி என்று நினைத்துச் செய்தவற்றால் பட்டது. அடுத்த வாரம் அந்தப் பள்ளி, மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், கொஞ்ச நாள் அனுப்பாதீர்கள் என்றது. நானும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள்தான். என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெற்றோரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஸ்கேன் எடுத்தபோது மூளையின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு வளையம் தெரிந்தது. நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி என்றார் மருத்துவர். "எங்க வீட்டுல முட்டைகூட சமைக்கறதில்லையே சார்" என்று என் மாமியார் அழுதார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவரின் குடலில் புழு வளரும். அந்தப் புழு இடும் முட்டை அவர் மலத்தோடு வெளியேறி, தண்ணீரில், கீரையில், கொத்தமல்லியில், சோப்பு போடாத கையில் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வயிற்றுக்குள் போகும். அதிலிருந்து வரும் இளம்புழுதான் ரத்தத்தோடு மூளைக்குப் போய்த் தங்குகிறது. சைவம், அசைவம் என்று அது பார்ப்பதில்லை.

1980களில் சி.டி. ஸ்கேன் நம் நாட்டில் பரவிவந்த காலத்தில், வலிப்பு நோயாளிகளின் மூளையில் இந்த மாதிரிச் சின்னப் புள்ளியைக் கண்டால் காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளை அறுவை சிகிச்சையில் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இளம்புழுக் கட்டிகள். அதற்குப் பிறகு, மண்டையைத் திறக்காமலே, ஸ்கேனையும் நோயாளியின் அறிகுறிகளையும் வைத்து அதை அடையாளம் காணும் விதிகளையும் அவர்களே வகுத்தார்கள். என் மகளுக்குத் தேவையில்லாத காசநோய் மருந்தும் கத்தியும் மிச்சமானது இவர்களால்தான். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியதும் அதே கல்லூரியில்தான். உங்கள் பத்திரிகை விற்கிற ஊரில் நடந்த ஆராய்ச்சி இது. இதைப் பற்றி நீங்கள் எழுதி நான் படித்ததே இல்லை.

எழுத உட்கார்ந்த பிறகு பழையதெல்லாம் சேர்ந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வலிப்பை அடியோடு குணமாக்கும் மருந்து என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் விளம்பரம் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினான். விடாமல் வலிப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்லும் நோய்களின் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. அந்தச் சட்டம் 1954-இலேயே வந்துவிட்டது. உங்கள் விளம்பரப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

மகளுக்கு வரன் பார்த்தபோது நாங்கள் எதையும் மறைக்கவில்லை. கட்டி வற்றிச் சுண்ணாம்புப் புள்ளியாகிவிட்டது, அதனால் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கிறது என்று முதல் பேச்சிலேயே சொன்னோம். மாப்பிள்ளை வீட்டார் உங்கள் ஆலோசனைப் பகுதியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். வலிப்பு உள்ளவர் திருமணம் சட்டப்படி செல்லாது என்று அதில் அச்சாகியிருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பு என்ற வார்த்தையை 1999-இலேயே திருத்தி நீக்கிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. நான் அப்போதே மறுப்பு எழுதி அனுப்பினேன். நீங்கள் போடவில்லை.

வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. கரு தரிப்பதற்கு முன்பே மருத்துவர் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றினார். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. எந்த மாத்திரை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதை அறிய, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து, பிறக்கும் குழந்தைகளையும் கவனித்துவருகிறார்கள். என் பேத்தி நன்றாக இருக்கிறாள். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எத்தனையோ பேர் ஆய்வுக்கூடத்திலும் வார்டிலும் ஆயுளைக் கொடுத்துத் தேடியதால் கிடைத்த வாழ்வு இது. அந்தப் பெருமையை நீங்கள் ஒரு இரும்புத் துண்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது சின்ன உதவி. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இந்தச் சில வரிகளைப் போடுங்கள்: வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வருமுன் மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இடம் போதாது என்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு இந்த வரிகளை மட்டும் போட்டாலும் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ராணிப்பேட்டை மாவட்டம்