டயரைத் தின்பது டோ, கேம்பர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் டிராக் டே நடக்கும்போது, தினமும் வேலைக்குப் போய்வரும் காரையே பலர் பந்தயப் பாதையில் இறக்குகிறார்கள். பிரேக் பேடும் ஆயிலும் மாற்றுகிறார்கள். வீல் அலைன்மென்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை, தொடுவதில்லை. இன்னும் சிலர் யாரோ சொன்ன பந்தய அளவை வைத்துக்கொண்டு அதே வண்டியில் பெங்களூரு வரை போய்வருகிறார்கள். இரண்டிலும் டயர்தான் வீணாகிறது.

நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த சஸ்பென்ஷன்). வளைவில் பாடி 3 டிகிரி சாய்ந்தால் இந்த அமைப்பு அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். மீதியைச் சுமப்பது டயரின் வெளி ஓரம். தெருவில் அந்த வேகத்தில் யாரும் திரும்புவதில்லை, அதனால் மைனஸ் அரை முதல் 1 டிகிரி கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) போதும். டிராக்கில் மைனஸ் 2 முதல் 3 வரை வேண்டும். கம்பெனி அளவிலேயே சில ரவுண்டு ஓட்டிய டயரைக் குனிந்து பாருங்கள். உள்பக்கம் புதிதுபோல இருக்கும். வெளி ஓரம் உருண்டு, பக்கச் சுவரில் உள்ள சின்ன முக்கோணக் குறியையும் தாண்டித் தேய்ந்திருக்கும்.

கேம்பர் கூட்டினால் உள்பக்கம் தேய்ந்துவிடும் என்ற பயத்தால்தான் பலர் தயங்குகிறார்கள். மைனஸ் ஒன்றரை டிகிரியும் சரியான டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இருந்தால் தேய்மானம் பெரிதாகத் தெரியாது. டயரைத் தின்பது டோதான். 15 அங்குல ரிம்மில் 1 மி.மீ. டோ ஏறக்குறைய 0.15 டிகிரி. ஒரு சக்கரம் 2 மி.மீ. வெளியே திரும்பியிருந்தால், கிலோமீட்டருக்கு 5 மீட்டர் அளவுக்கு அந்த டயர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகும். டிரெட்டை (டயரின் தரை படும் பகுதி) உள்ளங்கையால் குறுக்கே தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் ரம்பம்போல உறுத்தும். டிராக்கில் முன்பக்கம் மொத்தம் 1 முதல் 2 மி.மீ. டோ-அவுட் (முன்முனை வெளியே திரும்பியது) வைத்தால் வண்டி சட்டென்று திரும்பும். அதே அளவு நெடுஞ்சாலையில் லாரித் தடங்களைப் பிடித்துக்கொண்டு அலையும்.

ஒரே கார் இரண்டுக்கும் என்றால் நான் சொல்லும் அளவு: முன் கேம்பர் மைனஸ் ஒன்றரை முதல் 2, டோ பூஜ்யம். பல கார்களில் கம்பெனி ஸ்ட்ரட்டில் கேம்பரை மாற்ற வழியே கிடையாது; கேம்பர் போல்ட் (சக்கரத்தின் சாய்வை மாற்ற உதவும் போல்ட்) போட்டால் ஒன்றரை டிகிரி வரை மாற்றலாம். போல்ட்டைக் குறித்த இறுக்க அளவில் (டார்க்) முறுக்கி, பெயின்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். பள்ளத்தில் அடி வாங்கி போல்ட் நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும்.

கேம்பரைத் தொட்டால் டோ கட்டாயம் மாறும். காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்), கேம்பர், கடைசியாக டோ என்பதுதான் வரிசை. டோவை இரண்டு டை ராடிலும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சமமாகத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். பல கார்களில் கால் சுற்று திருப்பினாலே சக்கரத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. மாறும். லாக் நட்டை முறுக்க மறக்கக் கூடாது.

பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்) என்றால் ஸ்டப் ஆக்ஸிலுக்கு (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத்தான் மாற்ற முடியும். பின் சக்கரத்தில் டோ-அவுட் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வேகமான வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்பக்கம் சுழன்றுவிடும். தெருவில் மழைநாளில் இது உயிரோடு விளையாடுவது.

அலைன்மென்ட் கடைத் திரையில் பச்சை வந்தால், கம்பெனி அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். இடது வலது கேம்பர் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டும் இரண்டும் பச்சையாக இருக்கலாம். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெஷினில் ஏற்றும் முன் டயர் காற்று, டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கும் புஷ்ஷில் எந்த அளவும் நிற்காது. டிராக்குக்கு என்றால் டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அளவு பொருந்தியதா என்பதை டயரின் சூட்டில் பார்க்கலாம். பிட்டுக்குள் வந்தவுடன் ஊசி வெப்பமானியால் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். உள்பக்கம் 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்றால் சரி. வெளிப்பக்கம் அதிகம் என்றால் கேம்பர் போதவில்லை. நடு அதிகம் என்றால் காற்று அதிகம். துப்பாக்கி வடிவ வெப்பமானி மேற்பரப்பைத்தான் காட்டும். அது நொடிகளில் ஆறிவிடும்.

வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எண்களோடு அச்சிட்டுத் தருவதை அலைன்மென்ட் கடைகள் வழக்கமாக்க வேண்டும். டிராக் டே நடத்துபவர்களும் வண்டிச் சோதனையில் டை ராட் லாக் நட்டைச் சேர்க்க வேண்டும். ஸ்பேனர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு வாசகர்,
ஸ்ரீபெரும்புதூர்