தண்டனையைக் கூட்டினால் திருட்டு குறையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

திருட்டுச் செய்தி வரும்போதெல்லாம் "தண்டனையை இன்னும் கடுமையாக்கினால்தான் பயம் வரும்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். பொருளைப் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துச் சட்டம் போட்டால் பணம்தான் வீணாகும்.

பிடிபடும் வாய்ப்பைத் தண்டனையின் அளவோடு பெருக்கினால் வருவதுதான் திருடுபவர் எதிர்பார்க்கும் நஷ்டம் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968இல் எழுதினார். அப்படியானால் போலீசுக்குச் செலவழிக்காமல் தண்டனையை மட்டும் ஏற்றிவிடலாமே என்று தோன்றும், காகிதத்தில் அந்தக் கணக்கு சரியாகவும் வரும். நிஜத்தில், மாட்ட மாட்டோம் என்று நம்பித்தான் ஒருவர் அடுத்தவர் பொருளில் கை வைக்கிறார், மாட்டினால் மூன்று ஆண்டா பத்து ஆண்டா என்பது அவர் யோசனையிலேயே இல்லை. இன்றைக்கே பணம் வேண்டும் என்று அலைபவருக்கு எட்டாவது ஆண்டுச் சிறைவாசம் எந்தக் கணக்கிலும் வராது. அரசுக்கு மட்டும் அந்த எட்டாவது ஆண்டுக்கும் சாப்பாடு, காவல், கட்டடம் என்று முழுச் செலவு.

தண்டனை மிதமிஞ்சிப் போனால் அது நிறைவேறுவதே குறைந்துவிடும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு. மனசு வராத ஜூரிகள் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள்), பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று தீர்ப்பு எழுதி உயிரைக் காப்பாற்றினார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: சின்னத் திருட்டுக்கும் பெரிய கொள்ளைக்கும் ஒரே தண்டனை என்றால், கொள்ளையே அடித்துவிடலாம் என்றுதான் புத்தி போகும். இதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1970இலேயே சுட்டிக்காட்டினார்.

சரி, எதுதான் வேலை செய்கிறது? 1994இல் அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் யூத அமைப்பின் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட பிறகு, நகரத்தில் இருந்த யூத நிறுவனங்களுக்கெல்லாம் போலீஸ் காவல் போட்டார்கள். தண்டனை எதுவும் மாறவில்லை, ஆனாலும் அந்தத் தெருப்பகுதிகளில் கார் திருட்டு சுமார் 75 சதவீதம் குறைந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் அந்தப் பலன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எங்கே, எந்த நேரத்தில் காவல் என்பதைக் கவனமாகத் திட்டமிட வேண்டும், புகாரை உடனே பதிவு செய்ய வேண்டும், வழக்கை மாதங்களுக்குள் முடிக்க வேண்டும், திருட்டுப் பொருளை வாங்கி விற்பவர்களைப் பிடிக்க வேண்டும். கூடுதல் சிறை ஆண்டுகளுக்குப் போகும் பணம் இதற்கெல்லாம் வரட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். திருட்டு நடந்ததை வெளியிடுவதோடு நிறுத்தாமல், ஆறு மாதம் கழித்து அந்த வழக்கில் யாராவது பிடிபட்டார்களா, பொருள் உரியவர் கைக்குத் திரும்பியதா என்றும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்