அடுப்பு தனி, முற்றம் பொது

அன்புள்ள சொக்கு,

நலம், நலமறிய ஆவல். தேவகோட்டை வீட்டைப் பிரித்து விற்றுவிடலாம் என்று பங்காளிகள் பேசுகிறார்கள் என எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது, ஆனால் முதலில் மகளைப் பார்க்க வியன்னா போயிருந்தபோது பார்த்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் படுகிறது.

கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்று பெயர். தொழிலாளர்களுக்காக நகராட்சியே 1927-லிருந்து 1930-க்குள் கட்டிய குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள், ஏறத்தாழ 5,000 பேர். வரைந்தவர் பெயர் கார்ல் ஏன் (Karl Ehn), ஓட்டோ வாக்னர் என்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞரிடம் படித்தவர், நகராட்சி அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நவீனக் கட்டடம் என்றதும் கண்ணாடியும் கான்கிரீட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். இது பெரும்பாலும் செங்கல். அந்தக் காலத்தில் அங்கே வேலையில்லாதவர்கள் ஏராளம், செங்கல் வேலை என்றால் நிறையக் கைகளுக்கு வேலை கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். செம்மண் நிறமும் மஞ்சளும் பூசிய சுவர், கொடிக்கம்பம் வைத்த கோபுரங்கள், நடுவில் தெருவே புகுந்து போகிற மாதிரி பெரிய வளைவுகள். கொத்தனார் பேரன் கண்ணுக்கு அந்த வளைவுகளைப் பார்த்துத் தீரவில்லை.

அதற்கு முன்னால் அந்த ஊர்த் தொழிலாளிகள் இருந்த இடங்களில் தண்ணீர்க் குழாயும் கக்கூஸும் நடையில் எல்லோருக்கும் பொது, சொந்த அறைக்கு வழியில்லாதவர்கள் படுக்கையை மட்டும் மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்துத் தூங்கினார்கள். புதுக் கட்டடத்தில் வீடு சின்னதுதான், 30-லிருந்து 60 சதுர மீட்டர், ஆனால் ஒவ்வொன்றிலும் தண்ணீர், கழிப்பறை, தனி அடுப்பு. துணி துவைக்க, குளிக்க, பிள்ளைகளை விட, புத்தகம் படிக்க, பல் வைத்தியம் பார்க்க எல்லாம் பொது இடங்கள். மனையில் கட்டடம் நிற்பது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மிச்சமெல்லாம் முற்றமும் தோட்டமும். மாடிப்படிக்கான வாசல்களையும் முற்றத்தின் பக்கமே வைத்திருக்கிறார்கள், அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் வந்தாலும் நாலு பேரைப் பார்க்காமல் முடியாது.

பணம் எங்கிருந்து? 1923-இல் ஹூகோ பிரைட்னர் என்பவர் நகர நிதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டு வரி ஒன்று கொண்டுவந்தார்கள். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு ஏகத்துக்கும் ஏறும். 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேல் வீடுகள் எழும்பிவிட்டன. இன்ன வருஷம் வீட்டு வரிப் பணத்தில் நகராட்சி கட்டியது என்று கட்டடங்களின் சுவரிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே இருபதுகளில் நம் ஊரில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்குமாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. உங்கள் தெருவில் முட்டை வெள்ளைக்கருச் சுண்ணாம்பு பூசிய என் தாத்தா கடைசிவரை ஓலைக் குடிசையில்தான் இருந்தார். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கே தெரிந்ததுதான். அந்தச் சுவரெழுத்தைப் பார்த்தபோது அவர் நினைப்பு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை. உள்ளே ஆயுதத்தோடு நின்ற தொழிலாளர்கள் மேல் ராணுவம் பீரங்கியாலேயே சுட்டது. தொழிலாளர்கள் தோற்றார்கள், ஜெயித்தவர்கள் கட்டடத்தின் பெயரையும் மாற்றினார்கள், 1945-க்குப் பிறகு பழைய பெயர் திரும்பியது. 1989-லிருந்து 1992 வரை முழுசாகப் பழுது பார்த்து, சின்ன வீடுகள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். துவைக்கும் கூடம் ஒன்றில் இப்போது கண்காட்சி. மற்றபடி குடித்தனம் நடக்கிற இடம், பால்கனியெல்லாம் பூந்தொட்டி.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். உங்க அப்பச்சியையும் அவர் தம்பிகளையும் கல்யாணம் ஆனதும் வேறு வைத்தார்கள், அதாவது அதே வீட்டுக்குள் தனிக் குடித்தனம், புருஷன் பெண்சாதி சேர்ந்த ஒரு புள்ளிக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு. ஆனால் வற்றல் காய்ந்ததும், நாம் ஓடி விளையாடியதும், விசேஷத்துக்குப் பந்தி போட்டதும் நடு முற்றமான அந்த ஒரே வளவில். வியன்னாக்காரர்கள் யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு உங்கள் வீட்டில் வழக்கமாகவே இருந்தது. பிறகு ஏன் அது பீரங்கி பட்டும் நிற்கிறது, இது பூட்டிக் கிடந்து ஒழுகுகிறது? எனக்குத் தோன்றுவது இதுதான்: அங்கே சொந்தக்காரர் ஒருவரே, நகராட்சி, அது தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிவதில்லை, வாங்குகிற வாடகையில் பழுது பார்க்கிறது. இங்கே ஐந்து அண்ணன் தம்பிகள் பங்கு இன்று எத்தனை கையெழுத்து என்று உனக்கே கணக்கில்லை, ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரையும் கேட்க வேண்டும்.

அதனால் விற்பதற்கு முன் ஒரு யோசனை. பங்கு பங்காகவே இருக்கட்டும், வீட்டைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஓர் அறக்கட்டளை வையுங்கள். இரண்டாங்கட்டு அறைகளை நாலைந்து குடும்பங்களுக்கு நியாயமான வாடகைக்கு விடலாம். காரைக்குடியில் வேலை பார்க்கிற நர்ஸுகள், வாத்தியார்கள் வீடு தேடி அலைகிறார்கள். அவரவர்க்கு அடுப்பும் கழிப்பறையும் தனியாகக் கட்டிக் கொடுக்கலாம், வளவு எல்லோருக்கும். வருகிற வாடகை கூரைக்கு. சுண்ணாம்பு வேலையை நானே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், எனக்குக் கூலி வேண்டாம்.

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லோரும் கூடுவீர்களே, அப்போது இதைப் பேசு. நானும் வந்து சொல்ல வேண்டுமென்றால் வருகிறேன். அதுவரை தூணுக்கு விலை கேட்டு யாராவது வந்தால் முன்பணம் மட்டும் வாங்கிவிடாதே. பார்வதி உங்கள் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
முத்து