மாதா திருவிழா வரிசையில் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 பெருவிழா வரை, பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி கோவிலுக்கு வந்த ஜனத்தை முகம் சுளிக்காமல் வழிநடத்திய எல்லோருக்கும் நன்றி. தூய ஆவியின் கனிகளில் கனிவையும் சேர்த்துக் கலாத்தியருக்கு எழுதினார் பவுலடியார். நெரிசலில் அதைக் கடைப்பிடிக்கக் கொஞ்சம் நுட்பமும் வேண்டும்.

முதல் நன்றி கயிறு பிடித்த தம்பிகளுக்கு. முன்னால் நிற்பவரைப் பார்த்து 'தள்ளாதீங்க' என்று கத்திப் பயனில்லை, அவரே தள்ளப்படுகிறவர். தள்ளுகிறவர் வெகு பின்னால், முன்னே அடைத்திருப்பது தெரியாமல் நிற்கிறார். நீங்கள் வரிசையின் வாலில் ஆள் போட்டு, 'இன்னும் பத்து நிமிஷம் ஆகும்மா, இப்படி நிழல்ல நில்லுங்க' என்றீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் ஜனம் பொறுக்கும். கனிவு என்றால் விட்டுக்கொடுப்பது என்பவர்கள் உண்டு. தெரிந்தவரைக் கயிற்றுக்கு அடியில் நுழையவிட்டால், பின்னால் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கு அதுவே அநியாயம். 'மன்னிச்சுக்கோங்கண்ணா, எல்லாருக்கும் ஒரே வரிசைதான்' என்று குரல் உயர்த்தாமல் மறுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றியதும் நல்லது. தொண்டை கட்டியவன் அதட்டத்தான் செய்வான்.

காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வந்தவர்களின் பாதங்களைக் கவனித்த செவிலியர் மாணவிகளே, கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, தளர்வாகக் கட்டுப் போட்டீர்கள். தொடுவதற்கு முன் 'காலைப் பார்க்கட்டுமாம்மா?' என்று கேட்டீர்கள். மயங்கியவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தியபோது, வாயில் தண்ணீர் ஊற்ற ஓடிவந்தவர்களை விரட்டவில்லை. நினைவில்லாதவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று சொல்லி, அதே தண்ணீரில் துணி நனைத்து நெற்றியில் வைக்கச் சொன்னீர்கள். உதவ வந்தவர் அவமானப்படவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டை டம்ளரில் கரைக்கப் போனவர்களையும் அப்படித்தான் தடுத்தீர்கள். உப்பு மிஞ்சினால் மருந்தே கெடுதல்.

தொலைந்த குழந்தைகளோடு இருந்த அக்காமார், குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசினார்கள். குழந்தையின் பெயரை மைக்கில் சொல்லாமல், தேடி வந்தவரே பெயரும் உடையின் நிறமும் சொல்லட்டும் என்று காத்திருந்தது புத்திசாலித்தனம். நடுங்கியபடி வந்த தாயிடம் 'புள்ளைய பார்த்துக்கத் தெரியாதா' என்று ஒருவரும் கேட்கவில்லை.

விடியுமுன் தெருவைப் பெருக்கிய தூய்மைப் பணியாளர்கள், காவலர்கள், ஆட்டோ அண்ணன்கள், கழிப்பறையைத் திறந்துவிட்ட அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

கயிறுகளையும் தொப்பிகளையும் வரும் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் ஒப்படையுங்கள். யாரும் கேட்டு வராத குடைகள் ஒரு மூட்டை இருக்கிறது. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
வரிசை ஒழுங்கு தன்னார்வலர்கள்