பாலே மலைக்குப் போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எத்தியோப்பியாவில் ஒரு வேட்டை முகாமுக்குப் பொறுப்பாளராக இந்தப் பருவம் முழுக்க இருக்கப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. முறுக்கிய கொம்புடைய பெரிய இரலையான மலை நியாலாவைப் பற்றி எல்லாம் எழுது என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் அடக்க முடியாது. அங்கே அதிகம் தவறாகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் விலங்கு. அம்ஹாரிக்கில் இதற்கு தேகா அகஸென் என்று பெயர். தேகா என்றால் குளிர்ந்த மேட்டுநிலம். 1908ல் ஐவர் பக்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் சுட்டுக் கொண்டுபோன உருப்படியை வைத்துத்தான் ரிச்சர்ட் லைடெக்கர் 1910ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஆப்பிரிக்காவின் பெரிய இரலைகளில் வெளியுலகம் கடைசியாக அறிந்தது இதுதான். ரிஃப்ட் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே பாலே, ஆர்சி மலைகளையும் அவற்றை ஒட்டிய மேடுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. எத்தியோப்பியாவின் 10 சென்ட் நாணயத்தைக் கையில் வாங்கிப் பார், அதில் இருப்பது இதுவே. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனம். இன்றைக்கு மிஞ்சியிருப்பவை சில ஆயிரம் மட்டுமே. 1991ல் தெர்க் என்ற ராணுவ ஆட்சி விழுந்த குழப்பத்தில், பாலே தேசியப் பூங்காவின் வடக்கிலுள்ள கேய்சே புல்வெளியில் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அந்த அடியிலிருந்து மீண்டுவந்த இனம் இது.

ஆகவே சட்டப்படி ஒதுக்கிய எண்ணிக்கைக்குள் ஓர் ஆண் விலங்கைச் சுட்டு எடுப்பதென்றாலும், எந்த ஆண் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, வெளியே உள்ள கட்டுப்பாட்டு வேட்டைப் பகுதிகளில் மட்டும்தான். அங்கே இனப்பெருக்கத்தைத் தாங்கி நிற்கும் நடுவயது ஆணை எடுத்துவிட்டால் அந்தச் சரிவுக்கு விழும் அடி பல வருடம் தெரியும். கிழட்டு ஆணை எடுத்தால் மந்தைக்கு இழப்பு மிகக் குறைவு. வேட்டைக்கு வரும் விருந்தாளி கேட்பது கொம்பின் நீளம். நீயும் வழிகாட்டியும் பார்க்க வேண்டியது வயது. இரண்டும் ஒன்றல்ல.

வயதை எப்படிப் படிப்பது? இளம் ஆணின் கொம்பு சில சமயம் நீளமாகவே இருக்கும். ஆனால் மேல்நோக்கி நெருக்கமாகப் போகும், அடி மெலிந்திருக்கும், கழுத்தும் மெலிவு. முதிர்ந்ததன் கொம்பு அடியில் தடித்து, வெளிப்பக்கம் விரிந்து, ஒன்றரை இரண்டு சுற்று முறுக்கு முடிந்ததும் நுனி தந்த நிறத்தில் வெளுத்து, தேய்ந்து மழுங்கியிருக்கும். கழுத்து கனத்து, உடல் சாம்பல் கலந்த கரும்பழுப்பாகி, முதுகுக் கோடுகள் மங்கியிருக்கும். பெண்களோடு சேர்ந்து திரியாமல் தனியாகவோ, இன்னொரு கிழ ஆணோடோ நிற்கும். ஆனால் டிசம்பரை ஒட்டிய இணைசேரும் காலத்தில் இந்தக் கடைசிக் குறியை நம்பாதே, அப்போது எல்லா ஆணும் பெண்களின் பின்னால்தான்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மழையிலோ பனிமூட்டத்திலோ நனைந்த ரோமம் கறுத்துத் தெரியும். நாலு வயது ஆணைப் பத்து வயது என்று சொல்லிவிடுவார்கள். காய்ந்த பிறகு பார்க்கச் சொல். முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து என மூன்று கோணத்திலும் பார்க்காமல் வழிகாட்டி சம்மதம் சொல்லக் கூடாது. 10x42 பைனாகுலர் தேடுவதற்கு மட்டும் போதும். வயதைத் தீர்மானிக்க முக்காலியில் நிறுத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்கண் தொலைநோக்கி வேண்டும், 30 மடங்குக்கு மேல் போனால் வெயில் ஏறியதும் கானல் படத்தைக் கலக்கிவிடும். விடியலுக்கு அரைமணி முன்பே எதிர்ச்சரிவில் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குள் அவை எரிகா என்ற அடர்ந்த மலைப்புதருக்குள் போய்ப் படுத்துவிடும், பிறகு மாலை நாலு மணிவரை ஒன்றும் தெரியாது.

சில முகாம்களில் பொறுமை தீர்ந்ததும் ஆட்களை விட்டுப் புதரைக் கலைத்து விரட்டுவார்கள். உன் முகாமில் இதை அனுமதிக்காதே. முதலில் வெளியே வருவது பெண்ணும் குட்டியும். ஆண் வந்தாலும் ஓட்டத்தில் வரும். ஓடுகிற விலங்கின் வயதை யாராலும் படிக்க முடியாது.

காற்று விஷயம்: காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், அப்போது விலங்குக்குக் கீழே இருந்து அணுக வேண்டும். வெயில் பட்டு ஒரு மணிநேரத்தில் காற்று மேலே ஏறத் தொடங்கும், அப்போது மேலிருந்து வர வேண்டும். இந்த மாற்றம் நடக்கும் இடைவேளையில் காற்று நாலாபுறமும் சுழலும். அந்த அரைமணி அசையாமல் உட்கார்ந்திருப்பதே மேல். வாசனை பட்டால் கரகரத்த குரலில் ஒரு முறை குரைக்கும். அந்தச் சரிவு அன்றைக்கு முடிந்தது.

சுடுவது பெரும்பாலும் 200 முதல் 300 மீட்டர் தூரத்தில், செங்குத்துச் சரிவில். இங்கே தவறுவதற்குக் காரணம் கணக்கு. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டுவது சாய்வுத் தூரம். 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்று காட்டினால் 260 மீட்டருக்கு வைத்துச் சுட வேண்டும், இல்லையென்றால் முதுகுக்கு மேலே போகும். மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் இதே கணக்குதான். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனாலும் தோட்டா இன்னும் கொஞ்சம் மேலேதான் படும். விருந்தாளி வந்ததும் முகாமிலேயே 100 மீட்டரிலும் 250 மீட்டரிலும் சுட்டுப் பார்க்க வை. ஏறி வந்த மூச்சு அடங்க ஐந்து நிமிடமாவது கொடுக்கச் சொல். சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணியில் சுடவே கூடாது. காயம்பட்டது எரிகாவுக்குள் போனால் ஐந்து மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாது, இருட்டில் தேடவும் முடியாது, விடிவதற்குள் கழுதைப்புலிகள் முடித்துவிடும். விலங்கு ரத்தம் சிந்தினால், கிடைக்காவிட்டாலும் அது எடுத்த கணக்கில்தான் சேரும் என்பதை விருந்தாளியிடம் முதல் நாளே சொல்லிவிடு.

இப்போது உன் வேலை. ஆடிஸ் அபாபாவே சுமார் 2,350 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கவைத்து, பிறகு ஷஷெமேனெ, தொடோலா, அதாபா வழியாகக் கூட்டிப்போ. வந்த அன்றே 3,000க்கு மேல் ஏற்றினால் அன்றிரவோ மறுநாளோ தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, அவ்வளவுதான், ஒரு வாரம் போய்விடும். மருத்துவர் சம்மதித்தால், உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான அசிட்டசோலமைடு 125 மி.கி. காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் கொடுக்காதே. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கீழே இறக்கு.

தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இரண்டு வாங்கிப் போ. நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 7 கிறிஸ்துமஸ் வரை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரதம். இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள், மற்ற நாளிலும் புதன், வெள்ளி அப்படியே. குழம்புக்கான ஷிரோ என்ற கடலை மாவும் மைசூர்ப் பருப்பும் தாராளமாக இருக்கட்டும்.

நேரமும் பார்த்துச் சொல். அவர்கள் விடியலிலிருந்து மணி எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, நம் காலை ஐந்து அவர்களுக்கு இரவு பதினொன்று. குதிரையை ஐந்து மணிக்குக் கொண்டுவா என்று மட்டும் சொன்னால் உன் கணக்கில் காலை பதினொன்றுக்கு வந்து நிற்கும்.

விலங்கு விழுந்த பிறகு நடப்பதை முன்கூட்டியே பேசி வை. பாலேயில் வாழும் ஒரோமோ இனத்தவரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். உயிர் இருக்கும்போதே ஒரு முஸ்லிம் அறுத்தால்தான் அவர்கள் சாப்பிடுவார்கள், அப்படி அறுத்ததை ஆர்த்தடாக்ஸ் ஆட்கள் தொடமாட்டார்கள். யார் அறுப்பது, இறைச்சி எந்த ஊருக்கு என்று முதல் நாளே முடிவாகவில்லையென்றால் மலைமேல் சண்டை வரும். இறைச்சி வீணாவதை என்னால் பொறுக்க முடியாது, அங்கே வீட்டுக்கு இறைச்சி கிடைப்பதே அரிது. கத்தியைத் தாடைக்குக் கீழே ஒட்டி மேலாக வைக்கச் சொல். நடுக்கழுத்தில் அறுத்தால், பாடம் செய்ய வேண்டிய தலைத்தோல் பாழ். ஆண் 180 முதல் 300 கிலோ இருக்கும், குதிரைக்கு 50 கிலோவுக்கு மேல் ஏற்றாமல் கூறு போட்டு இறக்கு.

தோலை அன்றைக்கே உரித்து, உதடு, மூக்கு, காது மடல்களை உள்ளிருந்து திருப்பி, கொழுப்பைச் சுரண்டிவிட்டு உப்பிட வேண்டும். 25 கிலோ பொடியுப்பு வைத்துக்கொள். கட்டியான உப்பு காதுக்குள் இறங்காது, அங்கேதான் முதலில் முடி உதிரும். ஒரு நாள் கழித்து ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. வெயிலிலோ தீயருகிலோ காயவைக்காதே. பனிமூட்டம் விடாத நாட்களில் கூரைக்கடியில் காற்றோட்டமாகத் தொங்கவிடு. மண்டையோட்டை அவித்துக் கொம்பைக் கழற்றுவதற்கு அந்த உயரத்தில் கீழ்நாட்டைவிட நெடுநேரமாகும். அவசரப்பட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் எலும்பு உடையும்.

ஒரு வேண்டுகோள். தினமும் மாலையில் வழிகாட்டியையும் அரசுக் காவலரையும் உட்காரவைத்து, அன்று பார்த்த பெண் எத்தனை, குட்டி எத்தனை, ஆண் எத்தனை, எந்தச் சரிவில், ஆடுமாடுகள் எவ்வளவு தூரம் ஏறிவந்திருந்தன, எங்கே எரிகாவுக்குத் தீ வைத்திருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. குட்டிகள் பெரும்பாலும் மழை ஓயும் மாதங்களில் பிறக்கின்றன, எனவே நீ போகும்போது தாயோடு தெரியும். முதல் பதினைந்து நாளின் கணக்கை எனக்கு அனுப்பு. பெண்களுக்குக் குட்டி விகிதம் என்ன என்று பார்த்துவிட்டு அடுத்த கடிதத்தில் பேசுவோம்.

உன் பழைய நண்பன்