மரக் கிட்டுக்குச் சாயம் முதலில், பசை பிறகு

ஆசிரியருக்கு,

வணக்கம். மாதிரி ரயில் பாதைக்கு மரக் கிட்டில் (வெட்டிய பாகங்களாக வரும் தொகுப்பில்) ஸ்டேஷன் கட்டும் செய்முறை தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. அதில் 'சுவர்களை ஒட்டி, கூரை போட்டு, கடைசியாக வண்ணம் பூசவும்' என்றிருக்கிறது. பிளாஸ்டிக் கிட்டுக்கு இது ஓரளவு ஒத்துவரும். மரத்துக்கு வரிசையே தலைகீழ். இதை நம்பி முதல் கிட்டைப் பிரிப்பவர், கோணிய சுவரையும் வெளுத்த மூலைகளையும் பார்த்துவிட்டுத் தனக்குக் கைவேலை வராது என்று ஒதுக்கிவிடுவார்.

இந்தக் கிட்களில் சுவர் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பாஸ்வுட் என்ற மென்மரப் பலகை. வெளிப்பக்கம் மட்டும் பலகை வரி வெட்டியிருக்கும், உள்பக்கம் வழவழப்பு. ஈரம் பட்டால் மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய நீளாது, குறுக்கே ஊதும். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த பெயின்ட் அடித்தால் அந்தப் பக்கம் ஊதிச் சுவர் வளைகிறது. வெள்ளைப் பசையிலும் தண்ணீர்தான் என்பதால், தாராளமாகத் தடவினால் அதே கதைதான். ஆகவே எந்தப் பூச்சானாலும் இரு பக்கமும் பூசி, முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றி ஓர் இரவு விட வேண்டும்.

அதன் பிறகு உள்பக்கம் முட்டு. 3 மிமீ சதுர ரீப்பரை நார் திசைக்குக் குறுக்காக, இரு ஓரங்களிலும் நடுவிலும் ஒட்ட வேண்டும். நார் திசையிலேயே ஒட்டிய முட்டு வளைவைத் தடுக்காது. ஜன்னல் துளைக்கு நேராக முட்டு போகாமல் பார்ப்பதும், மூலையில் அடுத்த சுவரின் கனத்துக்கு இடம் விடுவதும் முக்கியம். கிட்டில் முட்டுக்கான மரம் குறைவாகவே வரும். தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

சாயத்தை ஏன் முதலில் ஏற்ற வேண்டும்? பசை பட்ட மரம் சாயத்தை உறிஞ்சாது. ஒட்டிய பிறகு சாயம் ஏற்றினால் இணைப்பு நெடுக வெளிர்க்கோடு தெரியும், அதை மறைக்க வழியே இல்லை. பழைய மரத்தின் சாம்பல் நிறத்துக்கு எளிய கலவை: அரை லிட்டர் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் இரண்டு டீஸ்பூன் கறுப்பு இந்தியா இங்க் (ஓவியர்கள் பயன்படுத்தும் மை). முதல் பூச்சு ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கும். அவசரப்பட்டு இங்க் கூட்ட வேண்டாம். காய்ந்ததும் இரண்டாம் பூச்சு, மூன்றாம் பூச்சு என்று ஏற்றுவதே நல்லது. ரீப்பர்களைக் கட்டாக முக்கி எடுத்து, ஒரே நிறமாக இல்லாமல் சிலவற்றை முன்னதாகவே வெளியே எடுத்துவிட்டால் பலகைக்குப் பலகை நிறம் மாறும். அசல் கட்டடம் அப்படித்தான் இருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பெயின்ட் உரிந்த சுவர் வேண்டுமென்றால், சாயம் காய்ந்த மரத்தில் ரப்பர் பசையை அங்கங்கே திட்டாகத் தடவி, மேலே அக்ரிலிக் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் விரலால் உருட்டினால் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து வரும்.

லேசர் வெட்டுக் கிட்டில் விளிம்புகள் கருகியிருக்கும். அந்தக் கரியை மெல்லிய உப்புத்தாளால் ஓரிரு இழுப்பில் எடுத்துவிட வேண்டும். விட்டால் மூலையில் கறுப்புக் கோடாக நிற்கும், பசையும் சரியாகப் பிடிக்காது. அதற்காக அதிகம் தேய்த்தால் பொருத்து நாக்குகள் துளையில் ஆடும். நாக்கு இறுக்கமாக இருந்தால் அழுத்தித் திணிக்காமல் துளையைச் சற்று அகலப்படுத்துவதே சரி.

சுவர்களை மூலைமட்டம் வைத்து இரண்டிரண்டாக 'ட' வடிவில் ஒட்டி, இரண்டு 'ட'க்களையும் பிறகு சேர்ப்பது எளிது. நான்கையும் ஒரே மூச்சில் நிறுத்தினால் எங்கோ ஒரு மூலை விலகும், அது கூரை போடும்போதுதான் தெரியும். உலோக வார்ப்புகளுக்கு சூப்பர் க்ளூ சரி. ஜன்னல் கண்ணாடித் தாளுக்கு வேண்டவே வேண்டாம்: அதன் ஆவி படிந்து தாள் பால்போல் மங்கிவிடும். அங்கே குச்சி நுனியில் எடுத்த வெள்ளைப் பசை போதும். கூரைச் சில்லுகளைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, முதல் வரிசையை மட்டும் இரட்டையாக ஒட்டி, நாலு வரிசைக்கு ஒருமுறை பென்சில் கோட்டோடு சரிபார்த்தால் போதும்.

கிட்டை நம் இடத்துக்கு ஏற்ப மாற்றுவது பற்றி தங்கள் செய்முறையில் ஒரே வரிதான் இருக்கிறது. உண்மையான வேலையே அங்கேதான். கத்தியைத் தொடும் முன் எல்லாச் சுவர்களையும் நகலெடுத்து அட்டையில் ஒட்டி, டேப் போட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரிண்டரில் அளவு 100 சதவீதம் என்று இருக்கிறதா பார்க்கவும். தாளுக்குப் பொருத்தும் வசதி தானாகவே சுருக்கிவிடும். நீளச் சுவரைக் குறைப்பதென்றால் வெட்டு ஜன்னல் சட்டத்தை ஒட்டியோ மழைநீர்க் குழாய் வரும் இடத்திலோ விழட்டும், கண்ணுக்குத் தெரியாது. முக்கோணச் சுவரை ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் முகடு ஓரத்துக்குப் போய்விடும். இரு பக்கமும் சமமாக வெட்ட வேண்டும், கூரைப் பலகையும் அதற்கேற்பக் குறையும்.

சரக்கு மேடையின் உயரத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மாதிரி ரயிலில் ஹெச்ஓ ஸ்கேல் என்பது 1:87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு 3.5 மிமீ. சரக்குப் பெட்டியின் தளம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு அடி, அதாவது 12 முதல் 14 மிமீ. கிட்டில் உள்ள மேடைக் கால்களை அதே அளவில் வெட்டி, கட்டடத்தைப் பாதை அமைத்த வெறும் அடிப்பலகைமேல் வைத்தால் மேடை பள்ளத்தில் கிடக்கும். தண்டவாளத்துக்கு அடியில் 5 மிமீ கார்க், அதன்மேல் ஏறக்குறைய 2 மிமீ ஸ்லீப்பர், கோட் 100 தண்டவாளமே (அங்குலத்தில் ஆயிரத்தில் 100 பங்கு உயரம்) இரண்டரை மிமீ. ஆக, பலகையிலிருந்து மேடை 21.5 முதல் 23.5 மிமீ வரை உயர வேண்டும். கட்டடத்துக்குக் கீழேயும் அதே கார்க்கை விரித்து, மீதி உயரத்தைக் கால்களில் கூட்டுவது சுலபமான வழி. பாதை வளைவில் இருந்தால் நீளமான பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளும். எனவே தங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளிப் பார்த்த பிறகே மேடையை ஒட்டவும்.

செய்முறையில் 'கடைசியாக வண்ணம் பூசவும்' என்ற அந்த ஒரு வரியையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் ஆர்வலர் ஒருவர்