அலுமாரிக் கதவைச் சீவ விடாதை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படத்தை வடிவாப் பாத்தன். அலுமாரியின்ரை ரெண்டு கதவும் மேலை முட்டுது, கீழை நீக்கல் விழுந்திருக்கு. வலக்கதவு ஒரு நூல் அளவு பதிஞ்சும் நிக்குது. ஓடாவியைக் கூப்பிட்டுச் சீவிவிடப்போறன் எண்டு எழுதியிருந்தாய். தயவுசெய்து சீவ விடாதை. அது மரத்தூளைப் பசையோடை அமத்தி, மேலை மெலமின் தாள் ஒட்டின சிப்போட் பலகை. சீவி, ஓரத்திலை ஒட்டின பட்டி போனா மாரி ஈரம் உள்ளுக்கை இறங்கி ஊதிப்போகும். ஊதின சிப்போட் காய்ஞ்சாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. கதவிலை ஒரு பிழையும் இல்லை. அது தொங்குற இடத்திலைதான் பிழை.

எடுத்த உடனை பிணைச்சலை, அதாவது கதவு தொங்குற கீலைத் தொடாதை; முதல் நிலத்தைப் பார். எங்கடை வீடுகளிலை சீமெந்து நிலம் கழுவித் தண்ணி ஓடுறதுக்கெண்டு கொஞ்சம் சரிவா இழுத்திருப்பினம். அந்தச் சரிவிலை ஒரு கால் பதிஞ்சா அலுமாரிப் பெட்டி முறுகும், அந்தப் பக்கத்துக் கதவும் சேர்ந்து இறங்கும். கதவு திறக்கிற வாயின்ரை ரெண்டு மூலைவிட்டத்தையும் ரேப்பாலை அளந்து பார். 3 மில்லிமீற்றருக்கு மேலை வித்தியாசம் வந்தா, பெட்டி சதுரத்திலை இல்லை. சாமான்களை இறக்கிப்போட்டு, பதிஞ்ச கதவு இருக்கிற பக்கத்து முன்காலுக்குக் கீழை மெல்லிய பிளாஸ்ரிக் தகடு வை. மட்டை மடிச்சு வைக்காதை. நிலம் கழுவினா நனைஞ்சு நசிஞ்சுபோகும், கறையானும் ஏறும். இதோடையே பாதிப் பிழை போயிடும்.

பிறகு கதவைத் திறந்து, பிணைச்சல் பூட்டின எல்லா ஸ்குறூவையும் இறுக்கிப் பார். ரெண்டாம் நம்பர் பிளஸ் தலை ஸ்குறூ ட்றைவர் காணும். கையாலை மட்டும் இறுக்கு. ட்றில் மெசின் போட்டா சிப்போட்டிலை புரி அரைஞ்சுபோகும். இறுகாமல் சும்மா சுத்துற ஸ்குறூ இருந்தா அதுதான் கள்ளன். எத்தினை தரம் கதவைச் சரிக்கட்டினாலும் கிழமைக்குள்ளை திரும்பத் தொங்கும். அந்தக் கதவை ஒராள் தாங்கிப் பிடிக்க ஸ்குறூவைக் கழற்றி, மருந்து நீக்கின நெருப்புக்குச்சியை மரவேலை வெள்ளைப் பசையிலை தோய்ச்சு ஓட்டை நிறைய இறுக்கி, ஒரு இரவு காயவிட்டு, மட்டமா வெட்டி, திரும்பப் பூட்டு. நீட்டு ஸ்குறூ போட்டாப் பிடிக்கும் எண்டு நினைக்காதை. பக்கப் பலகை 16 மில்லிமீற்றர்தான்; 20 மில்லிமீற்றர் ஸ்குறூ மற்றப் பக்கத்தாலை எட்டிப்பாக்கும்.

இனித்தான் பிணைச்சல். கதவிலை 35 மில்லிமீற்றர் வட்டக் குழிக்குள்ளை ஒரு கிண்ணம் இறங்கியிருக்கு. அதிலையிருந்து வாற கை, பக்கப் பலகையிலை பூட்டின அடித்தகட்டிலை ஏறி நிக்குது. கையிலை ரெண்டு ஸ்குறூ தெரியும். கதவுக்குக் கிட்ட இருக்கிறது கதவை இடம் வலமா நகர்த்தும். பின்னுக்கு இருக்கிறது முன்னுக்கும் பின்னுக்கும். உயரத்துக்கு, அடித்தகட்டு ஸ்குறூவைக் கொஞ்சம் இளக்கி, கதவை ஏற்றியோ இறக்கியோ இறுக்க வேணும். சில தகட்டிலை அதுக்கும் தனி ஸ்குறூ இருக்கும். எல்லாத்துக்குமே ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் ஓட்டந்தான், அதுக்கு மேலை கேக்காதை.

உயரத்தை முதல் செய். ஒரு கதவின்ரை எல்லாப் பிணைச்சலையும் ஒரே அளவு நகர்த்த வேணும், இல்லாட்டி ஒண்டு பாரம் சுமக்கும், மற்றது சும்மா நிக்கும். மேல்விளிம்பு ரெண்டும் ஒரு நேர்கோட்டிலை வந்த பிறகு பக்கத்துக்குப் போ.

மேலை முட்டி கீழை விரிஞ்சா, கதவின்ரை வெளிமூலை தொங்குது எண்டு அர்த்தம். மேல்பிணைச்சலிலை கதவைப் பிணைச்சல் பக்கமா இழு, கீழ்ப்பிணைச்சலிலை நடுவை நோக்கித் தள்ளு. நடுவிலை பிணைச்சல் இருந்தா முதல் அதை இளக்கிவிட்டு, கடைசியிலை ரெண்டுக்கும் ஒத்ததா வை. எந்தப் பக்கம் சுத்தினா எங்கை போகும் எண்டது பிணைச்சல் செய்த கொம்பனியைப் பொறுத்தது. அதாலை கால் சுற்று சுத்து, கதவைச் சாத்து, பார். ஒரேயடியா ரெண்டு மூண்டு சுற்று சுத்தினா எங்கை நிண்டனீ எண்டே தெரியாது. ரெண்டு கதவுக்கும் நடுவிலை மேலையிருந்து கீழை வரை 2, 3 மில்லிமீற்றர் ஒரே நீக்கல் வந்தாக் காணும்.

பின்னுக்கு இருக்கிற ஸ்குறூவை ஆகக் கடைசியிலை தொடு. கதவு சாத்தினாலும் துள்ளித் திறந்தா, பிணைச்சல் பக்கம் பலகையிலை நெரியுது. ஒரு மில்லிமீற்றர் வெளியாலை எடு. அந்தப் பக்கம் அகலமா நீக்கல் தெரிஞ்சா உள்ளுக்கை விடு, கரப்பான் புக இடம் குடுக்காதை. அந்த ஸ்குறூ இறுகினபிறகுதான் வேலை முடிவு. அது இளகியிருந்தா பிணைச்சலின்ரை கை வழுக்கும்.

கண்ணாடி ஒட்டின கதவுக்கு ரெண்டு பிணைச்சல் காணாது. 90 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உட்பட்ட சின்னக் கதவுக்குத்தான் ரெண்டு. உன்ரை அலுமாரிக் கதவு 2 மீற்றர் வரும், நாலு இருக்க வேணும். மூண்டுதான் இருந்தா, ஓடாவியை அதுக்குக் கூப்பிடு. 35 குழி தோண்டுற அலகு அவரிட்டை இருக்கும். கதவிலை ஈரத் துவாயும் பாரமான பையும் கொழுவுறதையும் விடு.

அப்பம்மாவின்ரை தேக்கு அலுமாரி இப்ப இறுகுது எண்டும் எழுதியிருந்தாய். அதின்ரை பழைய பிணைச்சலிலை இந்த ஸ்குறூ ஒண்டும் இல்லை. மாரிக்கு மரம் ஊதி நிக்குது. தை பிறந்து நல்லாக் காயும்வரை அதிலை உளி, சீவுளி ஒண்டும் படவிடாதை. காய்ஞ்ச பிறகும் மேல்மூலை தொங்கினா, கீழ்ப்பிணைச்சலுக்குப் பின்னாலை மெல்லிய தகரத் துண்டு ஒண்டு வைச்சுப் பூட்டினால் மேல்மூலை நிமிரும்.

அன்புடன்,
அப்பா